ஏலத்தில் போன டிராக்டர் ரயில்

“ஒரு தரம்! ரெண்டு தரம்!”

சபை மண்டபத்துச் சமையற்கட்டில் நான் உருளைக்கிழங்கு மசாலா அடைத்த கறிபாப் பொரித்துக்கொண்டிருந்தேன். குரல் என் கணவர் டேனியுடையது. மைக் இல்லாவிட்டாலும் எனக்குக் கேட்டிருக்கும். ஆண்டவர் அவருக்குக் கொடுத்த ஒரே தாலந்து தொண்டை. அதை அவர் மண்ணில் புதைத்து வைக்கவில்லை.

அறுப்பின் பண்டிகை ஏலத்தை வருடாவருடம் அவர்தான் விடுவார். ஒரு பூசணிக்காயைப் பற்றிக் கால்மணி நேரம் பேசக்கூடிய மனிதர். ஆகவே நான் அதிகம் காதுகொடுக்காமல் எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லா பாத்துக்கங்க, அஞ்சு பெட்டி! பெட்டி மேல டிராக்டர் நிக்குது! ரோட்டேக்ஸ் கட்ட வேணாம், டீசல் ஊத்த வேணாம், சோறுகூடப் போட வேணாம்லா!”

மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து பெட்டி, மேலே டிராக்டர் என்றால் அது ஒன்றுதான் இருக்க முடியும். என்னுடையது.

ஜல்லிக்கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். வாசலில் தட்டேந்தி நின்ற பெண்கள், நான் கறிபாப் கொண்டுவருவதாக நினைத்து வழிவிடாமல் நெருங்கி வந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு நான் தலையை நீட்டுவதற்குள் டேனி சப்பாத்திக்கட்டையால் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

“மூணாந்தரம்! நம்ம ஜெயமணி டீச்சருக்கு!”

எல்லாரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஜெயமணி டீச்சர் எழுந்து நின்று, பட்டம் வாங்கியவர் போலத் தலையசைத்தார். பாஸ்டர் மைக்கை வாங்கி, “இது டேனி குடும்பத்தோட காணிக்கை. ஆண்டவர் அவங்களை ஆசீர்வதிப்பாராக” என்றார். சபை ஆமென் சொன்னது.

எண்ணெய் சொட்டும் கரண்டியோடு நின்ற என்னைப் பார்த்து டேனி பெருமையாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்த விரலை உடைக்கலாமா என்று தோன்றியது. கோயில் என்பதால் விட்டுவிட்டேன்.

எனக்கு டிராக்டரும் தெரியும்

இந்தத் தொடரில் இதுவரை பல்லைப் பற்றியே எழுதிவந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் உட்கார்ந்து பல்செட் செய்வதுதான் என் தொழில் என்பதால் அப்படி ஆகிவிட்டது. “உங்களுக்குப் பல்லைத் தவிர வேறு எதுவும் தெரியாதா?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தெரியும் அம்மா. எனக்கு டிராக்டர் தெரியும். என் டிராக்டர் கட்டைவிரல் நீளம் இருக்கும், அவ்வளவுதான்.

நான் மாதிரி ரயில் செய்கிறவள். பொம்மை என்று சொன்னால் கோபம் வரும். உண்மையான வண்டியை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி, ஒரு ஆணிகூட விடாமல் செய்வதற்குப் பெயர் பொம்மை இல்லை. எங்கள் சங்கத்தில் இஞ்சின் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஸ்டேஷன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மரம் மட்டும் செய்கிற ஒருவர்கூட இருக்கிறார். நான் சுமை செய்கிறவள். மூடியும் பக்கச் சுவரும் இல்லாத தட்டையான சரக்குப் பெட்டி ஒன்று உண்டு. பிளாட் என்போம். அதன் மேல் ஏற்றிக் கட்டுகிற சாமான்தான் என் வேலை.

ஏன் சுமை? கட்டுவது பிடிக்கும். ஒரு டிராக்டரைப் பெட்டிமேல் ஏற்றி வைத்துவிட்டால் போதாது. ரயில் குலுங்கும்போது அது உருண்டுவிடக்கூடாது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையால் அடைகொடுக்க வேண்டும். நான்கு மூலையிலிருந்தும் சங்கிலி போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டும். பார்க்கிறவருக்கு, ‘இது அசையாது’ என்று நம்பிக்கை வர வேண்டும். பல்செட்டும் அதேதான். வாய்க்குள் அசைந்தால் அது பல்லே இல்லை.

தொழிலில் மிஞ்சுவதெல்லாம் இங்கே உதவும். வாயில் அச்செடுக்கும் பசையில் டயருக்கு அச்செடுப்பேன். பல்லைப் பிணைக்கும் மெல்லிய எஃகுக் கம்பியை முறுக்கினால் சங்கிலி. ஈறு செய்கிற ரோஸ் நிறப் பசையில் ஓட்டுநர் இருக்கை செய்து, மேலே கறுப்புப் பூசுவேன். பூச்சைச் சுரண்டிப் பார்த்தால் தெரியும், என் டிராக்டர் டிரைவர்கள் எல்லாரும் ஈறின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதில் ஒரே ஒரு வருத்தம் எனக்கு. கடைக்குப் போனால் கடைக்காரர் டேனியிடம் பேசுவார். கண்காட்சியில் நின்றால் வந்தவர்கள் டேனியிடம் கேட்பார்கள். “சார், நீங்க செஞ்சதா?” என்பார்கள். “ஐயோ, நான் இல்லலா, நான் வெறும் டிரைவர்” என்று டேனி உண்மையைத்தான் சொல்வார். அது தன்னடக்கம் என்று நினைத்து அவர் முதுகைத் தட்டிவிட்டுப் போவார்கள். என்னிடம் கழிவறை எங்கே என்று கேட்பார்கள்.

அதற்காகத்தான் அந்த ஐந்து பெட்டி. ஏலத்துக்கு அடுத்த சனிக்கிழமை கிள்ளானில் எங்கள் சங்கத்தின் கண்காட்சி. முதன்முறையாக ஒரு முழு ரயில், என் ரயில், என் கையால் ஓடப்போகிறது. பெருந்தொற்று ஓய்ந்து, ஜனங்கள் மறுபடி கூட்டம் கூடத் தொடங்கியிருந்த சமயம் அது. அடைபட்டுக் கிடந்த காலம் முழுக்க ராத்திரி பகல் பாராமல் அதைத்தான் செய்திருந்தேன். இந்த முறை யார் செய்தது என்று யாரும் டேனியிடம் கேட்கக்கூடாது என்பது என் வைராக்கியம்.

மேருவில் டிராக்டர் வாங்கப் போன கதை

ரயிலுக்கு ஒரு கதை வேண்டும். இது எங்கள் சங்கத்து வழக்கம். எங்கிருந்து எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று சொல்லத் தெரியாவிட்டால் கணேசன் விடமாட்டார். கணேசன் சங்கத்தின் மூத்தவர், வரவுசெலவுத் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் சின்ன டார்ச்லைட் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டு “ஹ்ம்” என்பார். அந்த ஹ்ம்முக்குப் பயந்து இரண்டு பேர் சங்கத்தைவிட்டே போயிருக்கிறார்கள்.

என் கதை இதுதான். கிள்ளான் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய டிராக்டர், கலப்பை, நெல் அறுக்கும் மெஷின் எல்லாம் ரயிலேறி வடக்கே கெடா வயல்களுக்குப் போகின்றன. அப்படியொரு ரயில் உண்மையில் ஓடியதா என்று கேட்காதீர்கள். என் வீட்டு மேசையில் ஓடியது.

மெஷின்களை நேரில் பார்க்கக் கிள்ளானை அடுத்த மேருவுக்குப் போனேன். அங்கே தொழிற்பேட்டையில் விவசாய இயந்திரம் விற்கிற ஒரு முற்றம் இருக்கிறது. கைப்பையும் குடையுமாக நான் போய் இறங்கியதும் ஒரு விற்பனைப் பையன் பாய்ந்து வந்தான்.

“ஆன்டி, எத்தன ஏக்கர்?”

“ரெண்டடிக்கு நாலடி” என்றேன். மேசையின் அளவு அது.

அவன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு பெரிய மனசோடு, “பரவால்ல ஆன்டி, சின்னதா ஆரம்பிக்கலாம்” என்று ஒரு மிளகாய்ச் சிவப்பு டிராக்டர்மேல் ஏறி உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அளவுகோலை எடுத்து டயரை அளந்தேன். அதற்குப் பிறகு வெகுநாள் வரை அவன் போன் செய்துகொண்டிருந்தான். “ஆன்டி, எப்ப எடுக்கறீங்க?” என்பான். எனக்குப் பாவமாக இருக்கும். கடைசியில் என் டிராக்டரைப் படம் எடுத்து அனுப்பினேன், பக்கத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்து. அத்தோடு போன் நின்றுவிட்டது.

முற்றத்தின் முன்பக்கம் புது வண்டிகள் பளபளவென்று நின்றன. எனக்கு அவற்றின் மேல் மனம் போகவில்லை. பின்பக்கம் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த பழைய வண்டிகள் நின்றிருந்தன. டயர் இடுக்கில் காய்ந்த சேறு, புகைக்குழாயில் துரு, மட்கார்டில் தெறித்த செம்மண். அடடா, என்ன அழகு! படம் படமாக எடுத்துத் தள்ளினேன்.

மாதிரி செய்கிறவர்களுக்கு அழுக்கு ஒரு மதம். புதிதாகத் தெரிந்தால் பொம்மை, அழுக்காகத் தெரிந்தால் நிஜம். நானும் அந்த மதத்தில் தீவிர விசுவாசி. பல் மெருகேற்றும் தூளில் பழுப்பு சாக்கட்டியை அரைத்துக் கலந்து, கண்ணிமைத் தூரிகையால் ஒவ்வொரு டயருக்கும் சேறு பூசினேன். டிராக்டர் செய்ததைவிட அதை அழுக்காக்கத்தான் அதிக நாள் ஆனது. முடித்ததும் போட்டோ எடுத்துச் சங்கத்துக்கும் அனுப்பிவைத்தேன்.

வைத்தது வைத்ததுதான்

சரி, அது எப்படி ஏலத்துக்குப் போனது?

அறுப்பின் பண்டிகை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வருடத்தில் ஒருநாள் விளைச்சலின் முதற்பலனைக் கொண்டுவந்து கோயிலில் படைப்போம். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் மண்டபத்தில் ஏலம் விட்டு, பணத்தைச் சபைக் காரியங்களுக்கு வைப்போம். பிரிக்பீல்ட்ஸில் விளைகிறது என்ன? ஒன்றுமில்லை. எனவே எல்லாரும் விடியற்காலையில் பாசார் சந்தைக்குப் போய், வேறு யாரோ விளைவித்ததை வாங்கிவந்து நன்றியோடு படைப்போம். பிளாஸ்டிக் உறை பிரிக்காத புரோக்கோலிகூடப் பீடத்தில் உட்கார்ந்திருக்கும். ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு குடும்பம் போட்டி போட்டு ஏற்றிவிடும். அதில் யாருக்கும் எலுமிச்சம்பழம் தேவைப்படாது.

அந்த வருடம் பீடம் அலங்கரிக்கிற பெண்கள் என்னிடம், “அக்கா, உங்க டிராக்டர் ரயில கொண்டாந்து பூசணிக்காய்க்கு முன்னால வச்சா அழகா இருக்கும்லா” என்றார்கள். என் வேலையைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. ஒரு பலகையில் தண்டவாளம் பதித்து, ஐந்து பெட்டியையும் வரிசையாக நிறுத்தி, கரும்புக்கும் அன்னாசிக்கும் நடுவில் வைத்தேன். ஆராதனை முழுக்கப் பிரசங்கத்தைக் கவனிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சமையற்கட்டுக்குப் போனேன். அங்கேதான் பிசகு. வாலிபர்கள் வந்து பீடத்திலிருந்த எல்லாவற்றையும் அள்ளி மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். பூசணிக்காய் போனது, கரும்பு போனது, ரயிலும் போனது.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் நான் பேசவில்லை. டேனிக்கு என் மௌனம் தாங்காது.

“என்னா இப்ப? நல்ல காசுக்குத்தானே போச்சு?”

“அது விக்கிறதுக்கு வச்சதா? அலங்காரத்துக்கு வச்சது!”

“நீ பீடத்துல வச்சே. பீடத்துல வச்சது ஆண்டவருக்கு. ஆண்டவருக்கு வச்சது ஏலத்துக்கு. எத்தன வருசமா அப்பிடித்தானே நடக்குது? என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?”

“உங்க கண்ணு எங்க போச்சு? சனிக்கெழம ஷோவுக்குன்னு தெரியாது?”

“தெரியும் கிரேஸ். நான் நெனச்சேன், நீ மனசு வந்து குடுத்துட்டேன்னு. எனக்கு என்னமோ அழுகயே வந்துருச்சு மேடையில. அதான் அவ்ளோ நல்லா ஏத்திவிட்டேன்.”

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை என்பார்கள். நாங்கள் வேதக்காரர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழமொழி இப்படி நிறைவேறியது.

இதில் கஷ்டம் என்னவென்றால், டேனி சொன்னதில் தவறே இல்லை. பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்லி, சபை ஆமென் போட்ட பிறகு, ‘மன்னிக்கணும், அது காணிக்கை இல்லை’ என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. சங்கத்துக்கு என்ன சொல்வேன் என்று நினைக்க நினைக்க அழுகையாக வந்தது. வீட்டில் மிச்சமிருந்த வெறும் பெட்டிகளை ஓட்டலாம். வெறும் பெட்டி யாருக்கு வேண்டும்?

ஷோகேஸ் முன்னால்

இரண்டு நாள் கழித்து ஜெயமணி டீச்சர் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாதென்று அவருக்குப் பிடித்த உளுந்து வடை வாங்கிப் போனேன்.

ஜெயமணி டீச்சர் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அவர் பேச ஆரம்பித்தால் பாஸ்டரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஏலத்தில் ஒருமுறை கையை உயர்த்தினால் கீழே இறக்கியதாகச் சரித்திரம் இல்லை.

“வா கிரேஸ், வந்து பாரு. எப்பிடி வச்சிருக்கேன் பாரு.”

கூடத்தில் கண்ணாடி ஷோகேஸ். எருசலேமிலிருந்து வந்த ஒலிவமர ஒட்டகத்துக்கும் லங்காவியிலிருந்து வந்த கழுகுக்கும் நடுவில் என் ரயில். உள்ளே விளக்கு வேறு எரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன்.

டிராக்டர்கள் மின்னின. மிளகாய்ச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், நீலம். ஒரு துளி சேறு இல்லை. துரு இல்லை. நெல் அறுக்கும் மெஷின், பண்டிகைக்குப் புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி நின்றது.

“டீச்சர்... சேறு?”

“அத ஏன் கேக்கிற! ஒரே அழுக்கு. நீ வேலைக்குப் போற பொண்ணு, தொடைக்க நேரம் இருந்திருக்காது. அதான் ராத்திரி உக்காந்து, சவர்க்காரம் போட்டு, பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால ஒவ்வொண்ணா தேய்ச்சுக் கழுவிட்டேன். இப்ப எப்பிடி இருக்கு?”

வாயைத் திறந்தால் கோயிலில் பேசக்கூடாத வார்த்தை ஏதாவது வந்துவிடும் என்று பயம். பெட்டிகளை மட்டும் அவர் நான் பூசிய புழுதியோடு விட்டு வைத்திருந்தார். அதில் எழுத்து எழுதியிருந்ததாம், எழுத்தை அழிக்கக்கூடாதாம்.

“சங்கிலி கொஞ்சம் கழண்டுருச்சு. ஆனா ஒண்ணுகூடத் தொலைக்கல” என்று மைலோ டின் மூடியில் சேர்த்து வைத்திருந்த கம்பித் துண்டுகளைக் காட்டினார்.

வடையைச் சாப்பிட்டார். நான் மெதுவாக விஷயத்துக்கு வந்தேன். சனிக்கிழமை கண்காட்சி, ஒருநாள் மட்டும், இரவல். வார்த்தை முடியவில்லை, அவர் கை துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“காணிக்கையத் திரும்பக் கேக்கலாமா கிரேஸ்?”

“திரும்பக் கேக்கல டீச்சர். இரவல்தான்.”

“நான் எத்தனையோ புஸ்தகம் இரவல் குடுத்திருக்கேன். ஒண்ணு திரும்பி வந்ததில்ல. குடுக்க மாட்டேன்.”

அழுகையை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. பச்சைப்பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். வடையும் கையுமாக உட்கார்ந்து ஒரு டிராக்டருக்காக அழுகிற பெண்ணை அவர் பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்க மாட்டார்.

“அவ்வளவு முக்கியமா?”

“அத நான்தான் செஞ்சேன்னு யாருக்கும் தெரியாது டீச்சர். சனிக்கெழமயாச்சும் தெரியணும்னு நெனச்சேன்.”

“டேனி செய்யலியா?”

பார்த்தீர்களா! காசு கொடுத்து வாங்கியவருக்கே தெரியவில்லை. என் அழுகை நின்று கோபம் வந்தது. அச்சுப்பசையிலிருந்து ஈறு இருக்கை வரை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். டீச்சர் எழுந்து போய் ஷோகேஸைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு டிராக்டரைக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தார்.

“இரவல் தரமாட்டேன். நானே கொண்டாரேன்” என்றார். “எத்தன மணிக்கு?”

சந்தோஷத்தில் எழுந்து நின்றேன். “டீச்சர், அதுக்கு முன்னாடி ஒரு நாள் என்கிட்ட விட்டீங்கன்னா திரும்பச் சேறு பூசி...”

“என்னாது? என் சாமான அழுக்காக்குறதா? சங்கிலியக் கட்டிக் குடு, போதும். இங்கயே உக்காந்து கட்டு.”

அங்கேயே உட்கார்ந்து கட்டினேன். அவர் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார்.

கிள்ளான்

சனிக்கிழமை காலை டேனி கார் ஓட்ட, முன்சீட்டில் டீச்சர். விசேஷத்துக்கு மட்டும் கட்டுகிற அரக்குப் பட்டு. மடியில் கேக் பெட்டி, அதற்குள் ரயில். சீட்பெல்டைப் பெட்டியையும் சேர்த்து மாட்டியிருந்தார். கூட்டரசு நெடுஞ்சாலையில் டேனி ஒருமுறை பிரேக்கை அழுத்தியதும், “மெதுவா ஓட்டு, பின்னால சரக்கு இருக்கு” என்றார். சரக்கு அவர் மடியில்தான் இருந்தது. பின்னால் இருந்தது நான்.

பளபளக்கிற டிராக்டரைப் பார்த்து எல்லாரும் சிரிக்கப்போகிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தது. “பொம்மைக் கடையில் வாங்கியதா?” என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? டேனியிடம் மெல்லக் கேட்டேன், “பாக்க எப்பிடிலா இருக்கு?” அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “கேக் மேல வைக்கிற மாதிரி இருக்கு” என்றார். உண்மையைச் சொல்வதில் அவருக்கு நேரம் காலம் கிடையாது.

மண்டபத்தில் எங்கள் சங்கத்து மேசைகளை ஒட்டிப்போட்டு, தண்டவாளம் ஒரு பெரிய வளையமாக ஓடியது. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் மலைக் குகைப்பாதை, நடுவில் வயல். நான் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தில் ஏற்றினேன். டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பரீட்சை மேற்பார்வை பார்க்கிறவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

கணேசன் வந்தார். டார்ச்லைட்டை எடுத்தார். முதல் பெட்டி. இரண்டாவது பெட்டி. குனிந்தவர் நிமிரவே இல்லை. நான் அந்த ஹ்ம்முக்காகக் காத்திருந்தேன்.

“சேறு எங்க?” என்றார்.

“கழு... கழுவியாச்சு.”

“யாரு சொல்லி?”

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் கணேசனைப் பார்த்தார்.

“நீங்க அனுப்புன போட்டோவப் பாத்ததுலருந்து எனக்கு மண்டக் கொடச்சல்” என்றார் கணேசன். “ஷோ அன்னைக்கிச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். கப்பல்லருந்து எறங்குன புது டிராக்டர், வயலுக்குப் போய்க்கிட்டு இருக்கு. இன்னும் ஒரு வயல்லயும் எறங்கல. அதுல சேறு எங்கேருந்து வரும்? பெட்டிதான் பழசு. சரக்கு புதுசு. பெட்டி அழுக்கு, டிராக்டர் பளபளப்பு. இதுதாங்க சரி. இப்ப சரியா இருக்கு.”

கதையை எழுதியதே நான்தான். துறைமுகம், கப்பல், புதுசு எல்லாம் நானே சொன்னது. மேருவில் முன்பக்கம் நின்ற புது வண்டிகளை விட்டுவிட்டுப் பின்பக்கத்துக்கு ஓடினேனே, அந்த மோகம் கண்ணை மறைத்துவிட்டது. சேறு பூசுகிற சுகத்தில், அந்தச் சேறு எந்த ஊர்ச் சேறு என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. சங்கத்தில் மற்றவர்களும் போட்டோவைப் பார்த்து ஆகா ஓகோ என்றுதான் சொன்னார்கள். அழுக்கைக் குறை சொல்ல எங்கள் மதத்தில் யாருக்கு மனசு வரும்?

“ஆன்டி, நீங்க எத்தன வருசமா மாடல் செய்றீங்க?” என்று கணேசன் டீச்சரிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“எனக்கு அழுக்கு புடிக்காது தம்பி. அவ்ளோதான்” என்றார் டீச்சர். கணேசனைத் தம்பி என்று யாராவது கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான்.

கதவைத் திறந்தார்கள். கூட்டம் வந்தது. கட்டுப்பாட்டுப் பொத்தானில் விரலை வைத்தேன். டேனி கொஞ்சம் தள்ளி, வழக்கம்போல் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். மெல்லத் திருகினேன். முன்னால் மாட்டியிருந்த சங்கத்து இஞ்சின் அசைந்தது. ஐந்து பெட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக இழுபட்டு நகர்ந்தன. துறைமுகத்தைத் தாண்டியது. வளைவில் திரும்பியது. நெல் அறுக்கும் மெஷின்தான் உயரம். குகைவாயில் அதன் தலை இடிக்குமோ என்று குனிந்து பார்த்தேன். உள்ளே போனது. மறுபக்கம் வெளியே வந்தது. ஒரு சங்கிலிகூடத் தளரவில்லை. வயல் நடுவே வந்தபோது விளக்கு வெளிச்சம் பட்டுச் சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஒருசேர மின்னின. புழுதி படிந்த அந்தப் பழைய பெட்டிகள்மேல் அவை அவ்வளவு புதிதாக, எங்கேயோ வேலைக்குப் போகிற உற்சாகத்தோடு நின்றன. நான் செய்ததிலேயே அழகானது அதுதான். அதை அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன்.

கூட்டம் நெருங்கியது. கேமரா மாட்டிய ஒருவர் முன்னால் வந்து, ரயிலோடு கூடவே நடந்து படம் எடுத்தார். மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தார். பிறகு நேராக டேனியிடம் போனார்.

“Boss, செம்ம வேலைலா. நீங்க செஞ்சதா?”

டேனி வாயைத் திறந்தார். அதற்குள் நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. அரக்குப் பட்டு எழுந்து நின்றது. காலைக் கூட்டத்தில் மைக் இல்லாமல் ஒரு பள்ளிக்கூடத்தையே அமைதியாக்கிய குரல் அது. மண்டபத்தின் மறுகோடிவரை கேட்டிருக்கும்.

“ரயில் என்னுது. செஞ்சவ இதோ, இவ. அவரு வித்தவரு!”

மண்டபத்தில் சிரிப்பு வெடித்தது. டேனி எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்து, இரண்டு கையாலும் என்னைச் சுட்டிக் காட்டினார். கேமராக்காரர் திரும்பி என் பக்கம் வந்தார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள்.

“ஆன்டி, இத எப்பிடிச் செஞ்சீங்க?”

நான் சொல்ல ஆரம்பித்தேன். பொத்தானை எப்போது டீச்சர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார் என்று தெரியாது. ரயில் அதன்பிறகு எத்தனை சுற்று போனதென்றும் தெரியாது. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.